இ-கோர்ட்ஸ் செயலி: வாய்தா தேதிக்கு நம்பலாம், மற்றதற்கு?

ஐந்துக்கு மூன்றரை. அடுத்த வாய்தா எப்போது என்று பார்க்க நான்கரை கொடுக்கலாம். வழக்கு எங்கே நிற்கிறது என்று புரிந்துகொள்ள இரண்டரைதான். சிவில் பக்கத்தை இங்கே தொடவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கிரிமினல் கேஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் செயலியைத் திறப்பவருக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பது மட்டும்.

உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டிக்காகத் தேசியத் தகவலியல் மையம் செய்து கொடுத்த இலவசச் செயலி இது. கணக்குத் தொடங்க வேண்டாம், ஓ.டி.பி. கிடையாது, விளம்பரம் கிடையாது. இதே தகவல் இணையதளத்திலும் உண்டு. அங்கே தேடலுக்குத் தேடல் கேப்சா அடிக்க வேண்டும். அதனால் போனில் செயலியே மேல்.

முதல் ஏமாற்றம் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் வருகிறது. போன வாரம் ஸ்டேஷனில் கொடுத்த புகாரைச் செயலியில் தேடுவார்கள், ஒன்றும் வராது, உடனே "கேஸே போடவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். செயலிக்குத் தெரிந்தது கோர்ட் மட்டுமே. ஸ்டேஷனில் நடப்பது அதன் கண்ணில் படாது. புகார் கொடுத்தால் முதலில் கையில் வருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது சமூகப் பணிப் பதிவேட்டில் ஏற்றியதற்கான சீட்டு. அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டு அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை வரக்கூடிய குற்றமானால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கலாம். ஸ்டேஷனில் மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் 175(3)-இன் கீழ் நடுவர் நீதிமன்றத்தில் மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய பதிவுத் தபால் ரசீதைத் தொலைத்துவிட்டு நடுவரிடம் போனால் மனு அங்கேயே நின்றுவிடும்.

எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளம். எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மாவட்டம், ஸ்டேஷன், வருடம், குற்ற எண் நான்கும் கொடுத்தால் நகல் கிடைக்கும். குற்ற எண் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தனி. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே ஸ்டேஷன் பெயர் இல்லாத "45/2024" எதற்கும் உதவாது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் மதுவிலக்குப் பிரிவுக்கும் தனி வரிசை. ஊர் ஸ்டேஷன் பெயரில் தேடி வராத கேஸ் பல நேரம் அங்கேதான் இருக்கும்.

எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகும் செயலியில் நீண்ட இருட்டு இருக்கிறது. புலன்விசாரணை முடிந்து, இறுதி அறிக்கை (பேச்சு வழக்கில் சார்ஜ் ஷீட்) தாக்கலாகி, நடுவர் அதைக் கோப்பில் எடுத்து, எண் விழுந்த பிறகுதான் வழக்கு திரையில் தோன்றும். இடையில் ஜாமீன் மனு போட்டிருந்தால் அது மட்டும் கிரிமினல் எம்.பி. (இதர மனு) என்று தனியாகத் தெரியும். இந்த இருட்டில் புகார்தாரருக்கு இருக்கும் ஒரே பிடி 193-ஆம் பிரிவு: விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கடிதம் எழுதலாம். உள்ளே இருப்பவர் பக்கம் வேறு கணக்கு ஓடும். மரண தண்டனை, ஆயுள், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் வரக்கூடிய குற்றத்துக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் இறுதி அறிக்கை வராவிட்டால் மனுப் போட்டு ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கிறது. ரிமாண்ட் ஆன நாளிலிருந்து விரல் விட்டு எண்ண வேண்டிய கணக்கு அது; செயலி எண்ணித் தராது. மனுப் போடுவதற்கு முன் அறிக்கை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்பதால் 61-ஆம் நாள் காலை முக்கியம், மாலை தாமதம்.

தேடும் முறை

பெயர் போட்டுத் தேடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதிகம் சறுக்குவதும் அங்கேதான். காரணம் இரண்டு.

ஒன்று, போலீஸ் போட்ட கிரிமினல் வழக்கில் புகார் கொடுத்தவர் கட்சிக்காரர் ஆவதில்லை. போலீஸ் கேஸில் ஒரு பக்கம் அரசு, அதாவது "இன்னின்ன காவல் நிலைய ஆய்வாளர்". மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவர். வாய்க்கால் வரப்பில் அடிபட்டவர் வழக்கில் அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி), அவ்வளவுதான். அவர் பெயரைப் போட்டு வருடக்கணக்கில் தேடினாலும் வராது. எதிராளி பெயரைப் போட வேண்டும். அடிபட்டவருக்காக வாதாடுவதும் அவர் வைத்த வக்கீல் அல்ல. நடுவர் கோர்ட்டில் ஏ.பி.பி. (உதவி அரசு வழக்குரைஞர்), செஷன்ஸில் பி.பி. (அரசு வழக்குரைஞர்). சொந்த வக்கீல் வைத்தால் கோர்ட் அனுமதியோடு அரசு வழக்குரைஞருக்கு உதவலாம்.

இரண்டு, எழுத்துக்கூட்டு. பெயர்கள் ஆங்கிலத்தில்தான் ஏறியிருக்கும், ஸ்டேஷன் எழுத்தர் எப்படி எழுதினாரோ அப்படி. திருவாரூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு தியாகராஜன். அதற்கு ஆங்கிலத்தில் குறைந்தது நான்கு எழுத்துக்கூட்டு. தமிழ்ச்செல்வனுக்கு 'ழ' வரும் இடத்தில் 'எல்' ஒன்றா, 'இசட் எச்' ஆ என்பது எழுதியவர் கையில். அதனால் முழுப்பெயர் போடாதீர்கள். மூன்று எழுத்தே போதும் என்கிறது செயலி. பெயரின் நடுவில் சந்தேகமில்லாத நான்கைந்து எழுத்துகளைப் போட்டு, வருடத்தைச் சரியாகக் கொடுங்கள். அந்த வருடம் வழக்கு கோர்ட்டில் பதிவான வருடம். சம்பவம் 2022-இல், சார்ஜ் ஷீட் 2024-இல் என்றால் 2024 போட்டால்தான் வரும்.

சுற்றி வளைக்காத வழி எஃப்.ஐ.ஆர். எண் தேடல். மாவட்டம், கோர்ட் வளாகம், ஸ்டேஷன், குற்ற எண், வருடம் ஐந்தும் சரியாக இருந்தால் எழுத்துக்கூட்டுத் தொல்லையே இல்லை. வளாகத்தைத் தவறாகத் தேர்ந்தால் ஸ்டேஷனே பட்டியலில் வராது. டெல்டாவில் இது அடிக்கடி நடக்கிறது. வலங்கைமான் கும்பகோணத்துக்குப் பக்கம். ஆனால் திருவாரூர் மாவட்டம். மயிலாடுதுறை 2020 டிசம்பரில்தான் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக நடக்கத் தொடங்கியது. சீர்காழி, குத்தாலம், தரங்கம்பாடிப் பக்கத்துப் பழைய வழக்கைத் தேடுபவர் இரண்டு மாவட்டத்திலும் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. காரைக்கால் வழக்கு என்றால் மாநிலத்தையே மாற்றிப் புதுச்சேரி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நாகூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். செயலிக்கு அது வேறு மாநிலம்.

ஒருமுறை கண்டுபிடித்ததும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை, அதாவது அந்த வழக்குக்கே உரிய தனி அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு எண்கள் டி.என். என்று தொடங்கும், கடைசி நான்கு இலக்கம் வருடம். இணையம் இல்லாத பட்டன் போனிலும் அது வேலை செய்யும்: ஆங்கிலத்தில் 'இகோர்ட்ஸ்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சி.என்.ஆர். எண்ணைப் போட்டு 9766899899-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வழக்கு நிலை பதிலாக வரும். கடைமடைக் கிராமங்களில் சிக்னல் ஒரு கோடு மட்டும் நிற்கும் இடத்தில் செயலியைவிட இது கைகொடுக்கும்.

சி.என்.ஆர். ஒரு சம்பவத்துக்கு ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. ஜாமீன் மனுவுக்கு ஒன்று, நடுவர் கோர்ட்டில் பி.ஆர்.சி. எண் (செஷன்ஸுக்கு அனுப்ப வேண்டிய வழக்கின் ஆரம்பப் பதிவு) விழும்போது ஒன்று, அது செஷன்ஸுக்குப் போய் எஸ்.சி. (செஷன்ஸ் வழக்கு) ஆகும்போது இன்னொன்று. பி.ஆர்.சி. பக்கத்தில் "டிஸ்போஸ்டு" (முடிக்கப்பட்டது) என்று பார்த்துவிட்டுக் கொலை வழக்கே தள்ளுபடி ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்புவது இதனால்தான். வழக்கு முடியவில்லை, மேல் கோர்ட்டுக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கொலை, கொலை முயற்சி போன்றவற்றை நடுவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. முதல் வகுப்பு நடுவரின் தண்டனை அதிகாரம் மூன்று ஆண்டு வரை, தலைமைக் குற்றவியல் நடுவருக்கு ஏழு ஆண்டு வரை. அதற்கு மேற்பட்டது செஷன்ஸ்.

நிலை என்ற அந்த ஒரு வரி

செயலியில் விலைமதிப்பான வரி "கேஸ் ஸ்டேஜ்". மிக மோசமாகச் செய்யப்பட்டிருப்பதும் அதுதான். ஆங்கிலத்தில் இரண்டு சொல், விளக்கம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கோர்ட்டிலும் ஒவ்வொரு சுருக்கம். நடுவரே விசாரிக்கும் ஒரு சாதாரண சி.சி. வழக்கில் வரிசையாக வருவதை எடுத்துக்கொள்வோம்.

"அப்பியரன்ஸ்" என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குச் சம்மன் போயிருக்கிறது, எல்லோரும் வந்து சேரவில்லை. ஏ1 முதல் ஏ7 வரை இருந்து ஏ5 மட்டும் திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தால் இந்த நிலையிலேயே ஒரு வருடம் ஓடலாம். பிரித்து நடத்த மனு வரும் வரை மற்ற ஆறு பேரும் வந்து போக வேண்டியதுதான். "காப்பீஸ்" என்று வந்தால் வழக்கு ஆவணங்களின் நகல் கொடுக்கும் கட்டம். ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 230-ஆம் பிரிவு. நகலை வாங்கும்போது பக்கங்களை எண்ணாமல் கையெழுத்துப் போடுவது பெரிய தவறு. காயச் சான்று, பார்வை மகஜர், வரைபடம் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பார்க்க வேண்டும். விட்டதைப் பிறகு கேட்டால் தனி மனு, தனி வாய்தா.

அடுத்து "சார்ஜ்" அல்லது "குவெஸ்சனிங்". குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டு, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கப்படும் நாள். விடுவிப்பு மனு போடுவதென்றால் இதற்கு முன். வாரண்ட் வழக்கில் (இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை வரக்கூடியது) நகல் கிடைத்த 60 நாளுக்குள் என்று புதிய சட்டம் வரம்பு வைத்துவிட்டது. பழைய பழக்கத்தில் ஆறு மாதம் கழித்துப் போடுபவர்கள் இப்போது மாட்டிக்கொள்கிறார்கள். "எவிடன்ஸ்" என்றால் சாட்சி விசாரணை. செயலியில் வருடக்கணக்கில் மாறாமல் நிற்கும் வரி இது. ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். ஆனால் வரலாறு பகுதியில் ஒவ்வொரு தேதியையும் அழுத்தி "பிசினஸ்" (அன்று கோர்ட்டில் நடந்தது) பார்த்தால் அ.சா.3 விசாரிக்கப்பட்டார், டாக்டருக்கு சம்மன், ஆய்வாளர் ஆஜராகவில்லை என்று உண்மை தெரியும். பலர் அந்தத் தேதிகள் அழுத்தக்கூடியவை என்றே அறியாமல் இருக்கிறார்கள். செயலியில் அதை இன்னும் பளிச்சென்று காட்டியிருக்கலாம்.

பிறகு "313". சாட்சிகள் சொன்னதைக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேள்வியாகக் கேட்கும் கட்டம், பி.என்.எஸ்.எஸ்.ஸில் அது 351. 2024 ஜூலைக்கு முன் விசாரணையில் இருந்த வழக்குகள் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே போகின்றன. அதனால் இரண்டு எண்களும் இன்னும் சில வருடம் கலந்தே வரும். எஃப்.ஐ.ஆரிலும் அப்படித்தான்: நம் பக்கத்து அடிதடி வழக்குகளில் மனப்பாடமாகிப்போன இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி) (ஆபாசப் பேச்சு), 323 (காயம்), 506 (மிரட்டல்) இப்போது பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 296(பி), 115(2), 351 ஆகிவிட்டன. இருதரப்பும் சமாதானமாகி வந்தால் 323-ஐக் கோர்ட்டிலேயே முடிக்கலாம். 294(பி) அந்தச் சமாதானப் பட்டியலில் இல்லை. ஐகோர்ட்டில் குவாஷ் மனுதான், அதாவது வழக்கையே ரத்து செய்யக் கேட்கும் மனு. செயலியில் "ஆக்ட்" பகுதியைப் பார்த்து எந்தெந்தப் பிரிவு என்று எழுதிக்கொண்டு வக்கீலிடம் போனால் ஒரு நடை மிச்சம்.

எதிர்த்தரப்பு சாட்சி, ஆர்க்யுமென்ட், ஜட்ஜ்மென்ட் என்பவை பெயரிலேயே விளங்கும்.

இந்த எல்லா வரிகளையும்விட ஒரு வரிக்குத்தான் உடனே எழுந்து ஓட வேண்டும்: "என்.பி.டபிள்யூ." பிணையில் விட முடியாத பிடிவாரண்ட். வாய்தாவுக்கு வரவில்லை, வக்கீலும் ஆஜராகாமைக்கு மனுப் போடவில்லை என்றால் அன்றே பிறப்பிக்கப்படும். அந்த மனுவைக் கோர்ட் வட்டாரத்தில் இன்னும் "317" என்றுதான் சொல்கிறார்கள்; புதிய எண் 355. வாரண்ட் தானாகக் காலாவதி ஆகாது. நிறைவேற்றப்படும் வரை, அல்லது கோர்ட் ரத்து செய்யும் வரை உயிரோடு இருக்கும். அடுத்த வாய்தாவரை காத்திருக்காமல், ஆளே நேரில் போய், ரீகால் மனுவோடு (வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்பது), வராததற்கான ஆதாரத்தோடு (மருத்துவச் சீட்டு, பயணச்சீட்டு எதுவாயினும்) காலை 10.30-க்குக் கோர்ட் உட்காரும்போது நிற்க வேண்டும். போலீஸ் பிடித்துக்கொண்டு வந்த பிறகு போடும் மனுவுக்கும் தானே வந்து போடும் மனுவுக்கும் நடுவர் பார்வையில் நிறைய வித்தியாசம் உண்டு. ஜாமீன்தாரருக்கும் நோட்டீஸ் போகும் என்பதை மறக்கக் கூடாது. சிட்டாவும் வீட்டுவரி ரசீதும் கொடுத்து நின்ற மாமனுக்கு அபராத நோட்டீஸ் வந்தால் உறவே முறிந்துவிடும்.

தேதி விஷயத்தில் செயலியை எவ்வளவு நம்பலாம்

பெரும்பாலும் நம்பலாம். முழுவதும் நம்பக் கூடாது. கல்லணையில் திறந்த தண்ணீர் அன்றைக்கே வேதாரண்யத்துக்கு வந்துவிடுமா? பெஞ்ச் கிளார்க் வாய்தாப் புத்தகத்தில் எழுதியது கணினியில் ஏறி, அங்கிருந்து செயலிக்கு வர அன்று மாலையும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். நீதிபதி விடுப்பு, பணியிட மாற்றம் வரும் காலத்தில் தேதி மொத்தமாகத் தள்ளிப்போகும். சில வழக்குகளில் பழைய தேதியே அப்படியே நிற்கும். அடுத்த வாய்தா கடந்துபோன தேதியாகக் காட்டினால் வழக்கு தூங்குகிறது என்று பொருள் கொள்ளாமல், சம்பந்தப்பட்ட கோர்ட்டில் நேரில் கேட்பதே சரி. "செயலியில் வேறு தேதி காட்டியது" என்று சொல்லி வாரண்டைத் தவிர்க்க முடியாது. இதில் உள்ளது சான்றளிக்கப்பட்ட தகவல் அல்ல என்று செயலியே எழுதி வைத்திருக்கிறது.

வாய்தா இரண்டுக்கு மேல் கூடாது, அதுவும் கைமீறிய காரணத்துக்கு மட்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. செயலியின் வரலாறு பகுதியைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் அந்தச் சட்டம் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே செயலியைப் பாராட்டலாம். முன்பு இது கட்டுக்குள் புதைந்து கிடந்த தகவல்.

தீர்ப்பு, உத்தரவு நகல்கள் பி.டி.எஃப். ஆக வரும். தீர்ப்பை ஏழு நாளுக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், இயன்றவரை, என்கிறது புதிய சட்டம். அந்த "இயன்றவரை" ஊருக்கு ஊர் மாறும். படிக்க அது போதும். மேல்முறையீட்டுக்குப் போதாது, நகல் பிரிவில் மனுக் கொடுத்துச் சான்று நகல்தான் வாங்க வேண்டும். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை அன்றே இலவசமாகக் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். நடுவர் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸுக்குப் போக 30 நாள்.

ஐகோர்ட் பகுதி செயலியில் தனியாக இருக்கிறது. இங்கேதான் டெல்டா இரண்டாகப் பிளக்கிறது. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்தபோது தஞ்சாவூர் மதுரைக்குப் போனது. திருவாரூரும் நாகையும் சென்னையிலேயே நின்றன, பிறகு பிறந்த மயிலாடுதுறையும் சென்னைதான். ஆகவே கும்பகோணத்துக்காரருக்கு முன்ஜாமீன் மனு மதுரையில், வலங்கைமான்காரருக்குச் சென்னையில். பெஞ்சைத் தவறாகத் தேர்ந்தால் "பதிவு இல்லை" என்று வரும், மனு தள்ளுபடி என்று பயந்துவிட வேண்டாம்.

ஜாமீன் உத்தரவு செயலியில் "அலவ்டு" என்று தெரிந்தவுடன் திருச்சி மத்திய சிறை வாசலுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போவதும் வீண். ஜாமீன்தாரர்கள் கோர்ட்டில் நின்று, ஆவணம் சரிபார்த்து, பத்திரம் ஏற்கப்பட்டு, விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். உத்தரவுக்குப் பிறகு ஏழு நாளாகியும் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜாமீன்தாரர் கிடைக்காத குடும்பங்கள் அந்த ஆணைக்குழுவின் கதவை நேரடியாகத் தட்டலாம். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், போனில் 15100. காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல்.

ஸ்மார்ட் போன் இல்லாதவர்களுக்குக் கோர்ட் வளாகங்களில் இ-சேவா கேந்திரம் என்று ஓர் அறை வைக்கிறார்கள். தாலுகா ஆபீசில் சாதிச் சான்று எடுக்கும் இ-சேவை மையம் வேறு, இது வேறு. பெயர் வைத்தவர் யாரோ, தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் வரும் என்று யோசிக்கவில்லை. சி.என்.ஆர். அல்லது குற்ற எண்ணோடு போனால் வழக்கு நிலை பார்த்துச் சொல்வார்கள்.

கடைசியாகச் செயலியில் அதிகம் இழக்கப்படும் விஷயம்: "மை கேசஸ்". வழக்கைச் சேமித்தால் அது போனுக்குள்ளேயே இருக்கும், எந்தச் சர்வரிலும் இல்லை. போன் மாற்றினால், செயலியை அழித்துவிட்டு மறுபடி போட்டால், பட்டியல் காலி. வக்கீல் குமாஸ்தாக்கள் ஐநூறு வழக்கை ஒரே நாளில் இழந்து தவிப்பது இதனால்தான். மெனுவில் எக்ஸ்போர்ட் என்று ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை அழுத்தி வரும் கோப்பைத் தனக்கே மெயிலில் அனுப்பி வைத்தால் புதுப் போனில் இம்போர்ட் செய்துகொள்ளலாம். சேமித்த பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். முந்தின நாள் இரவு ரிஃப்ரெஷ் அழுத்திவிட்டுத் தேதியைப் பாருங்கள்.